"வரட்டா உம்மா?" என்று நீ கேட்டதற்கு

மகள்,

நேற்றுப் பின்னேரம் நீ போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உம்மா, நான் வரட்டா?" அதற்கு நான் சொன்ன பதில், "சாப்பிட்டியா?" அது பதிலே இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஓம்" என்றாய். அந்த ஓமில் சோறு இருந்த மாதிரித் தெரியவில்லை. பிறகு லைன் வெட்டுப்பட்டது. நீதான் வெட்டினாயோ என்னவோ.

எனக்குப் போனில் கதைக்க வராது. உன் வாப்பா வள்ளத்தில் நின்று அக்கரைக்குக் கூப்பிடுகிற மாதிரிக் கத்துவார், நான் நலம் விசாரிப்பதோடு நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வீட்டோடு சேர்ந்த பாலர் பாடசாலைப் பிள்ளைகள் போய்விட்டார்கள். அவர்களுடைய சின்னக் கதிரை ஒன்றில் இருக்கிறேன், முழங்கால் நாடியில் முட்டுகிறது. எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புவேன். இதில் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. நம் மாம்புரியில் யாராவது கேட்டால் வாசித்தும் காட்டுவேன். ஓலைக் கிடுகுச் சுவருக்குள் வளர்ந்தவள் நான். அந்தச் சுவருக்குள் சொன்ன ரகசியம் எதுவும் ரகசியமாக இருந்ததில்லை.

நீ சொன்னதை எனக்கு விளங்கின மாதிரி ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். தெற்கே கடல் பெரிது. அலை நெஞ்சில் அடிக்கிறது. உன்னோடு நீச்சல் ஆசிரியை வேலைக்குப் படிக்க வந்தவர்கள் எல்லாரும் அலைக்குள் பிறந்தவர்கள் மாதிரிப் போய் வருகிறார்கள், உன்னை மட்டும் அது திரும்பத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்து போடுகிறது. ஓட்டத்தில் நீ கடைசி. சிங்களத்தில் வேகமாகச் சொன்னால் பாதிதான் பிடிபடுகிறது. உனக்குக் 'குளத்துத் தாரா' என்று வாத்துப் பேர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கிழமை முடிவில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். அதைச் செய்யாமல் இப்போதே வந்துவிட்டால் உன் இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். பிறகு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது.

தாரா என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள். உன் வாப்பாவிடம் சொன்னேன். அவர் வலையிலிருந்து தலை நிமிராமல், "தாரா தாழ்ந்து போனத எங்கயாவது கண்டிருக்கியா?" என்றார். அது ஆறுதலா பகிடியா என்று நான் கேட்கவில்லை. கற்பிட்டிக் கரை ஆள். இரண்டும் அவருக்கு ஒரே குரலில்தான் வரும்.

உனக்குச் சொல்ல வந்தது வேறு. 'ஊர்' பற்றி.

யுத்த காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தோம். வள்ளத்தின் அடியில் என்னைப் படுக்கவைத்து, "கண்ண மூடு, திறந்தா தல சுத்தும்" என்றார் என் வாப்பா. நான் மூடினேன். மரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும். அதற்குப் பிறகு தண்ணீர் என்றால் எனக்கு அந்தச் சத்தம்தான். அலையில்லாத இந்தக் களப்புக் கரையில் இத்தனை வருசம் இருந்தும், நீ இறக்கும் வரைக்கும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது, வந்து இறங்கிய பிறகு நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பது. அதை நான் இதுவரை சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. இன்று சொல்லலாம் போலிருக்கிறது.

உன் அப்பாவுக்கு, அதாவது என் வாப்பாவுக்கு, அப்போது ஒரு வசனம்தான் தெரியும். "ஊருக்குப் போன பிறகு பாப்பம்." கூரைக்குத் தகரம் போடுவமா? ஊருக்குப் போன பிறகு. இவளைப் பள்ளிக்கூடத்தில சேர்ப்பமா? அடுத்த மாசம் போயிருவம், அங்க சேர்ப்பம். அந்த அடுத்த மாசம் ஒரு வருசம் நீண்டது. நான் ஒரு வகுப்புப் பிந்தியது அப்படித்தான். உம்மாவின் கடைவாய்ப் பல் வலிக்குக்கூட, "ஊருல நல்ல டொக்டர் இருக்கார்" என்றார். பல் தானாகவே விழுந்தது. எங்கள் வரிசையில் எல்லா வீடும் இப்படித்தான். ஒருவர் கதவுக்குப் பிணைச்சல் போடாமல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார், கழற்றிக்கொண்டு போகச் சுகம் என்று. காற்று வந்தால் கதவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் நாங்கள் நாளையையே நம்பி வாழ்கிறவர்கள் என்றுதான் தோன்றும். எப்போதும் நாளையைப் பற்றியே கதைத்தோம். நான் மாம்புரிக்குப் போய் உன் வாப்பாவைக் கலியாணம் முடித்த புதிதில், அவர்தான் ஒரு நாள் பாண் பிய்த்துக்கொண்டு சொன்னார். "உங்கட ஆக்கள் நாளைக்கு நாளைக்கு எண்டு சொல்றது நேத்தத்தான்." எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அது சரி என்று பட்டது. எங்களுடைய எதிர்காலத்துக்குப் பழைய முற்றம் இருந்தது. பழைய கிணறு இருந்தது. அது முன்னால் இருந்த ஒன்றே இல்லை. முதுகுக்குப் பின்னால் இருந்ததை, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, நாளை என்று சொன்னோம்.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் போனோம். வேன் பிடித்து, வில்பத்துக் காட்டு வழியால். உனக்கு எட்டு வயது, பின் சீற்றில் சத்தி எடுத்துக்கொண்டே வந்தாய். ஊர் காடாகிக் கிடந்தது. அப்பா முதலில் அழுவார் என்று நான் பயந்தேன். அழவில்லை. தன் தம்பியோடு, அதாவது என் சாச்சாவோடு, சமைத்த இடம் எது என்று சண்டை பிடித்தார்.

"இஞ்சதான் குசினி."

"காக்கா, அது மாட்டுக் கொட்டில்."

"எனக்குத் தெரியாதா என்ர குசினி?"

"தெரியும், தெரியும். மாட்டுக்கும் தெரியும்."

இரண்டு பேரும் ஒரு கல்லைச் சுற்றி நின்று அரை மணித்தியாலம். கடைசியில் அப்பா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிக்குது" என்றார். சோற்றுப் பார்சலை விரித்துச் சாப்பிட்டோம். நல்ல பசி. எல்லாருக்கும். சாச்சா ஒரு மாதத்துக்குள் திரும்பிப் போய்க் காடு வெட்டினார். இன்றைக்கு அவருக்கு அங்கே வயல் இருக்கிறது, சிரித்த முகமாக இருக்கிறார். அவர் போனது நல்லது. அப்பா போகவில்லை, அதுவும் நல்லது. பிழை போனதிலோ நின்றதிலோ இல்லை. இரண்டுக்கும் நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு அத்தனை காலம் நின்றதில்தான்.

திரும்பி வருகிற வழி உனக்கு ஞாபகம் இருக்காது, தூங்கிவிட்டாய். காடு முடிந்து, ஆற்றுக்குக் குறுக்கே போட்ட சப்பாத்துப் பாலத்தை வேன் கடந்தது. டயருக்கு மேலால் தண்ணீர். அப்பா முன் சீற்றிலிருந்து திரும்பி, "எழும்புங்க, எழும்புங்க, ஊர் வந்துட்டு" என்றார். தான் சொன்னதை அவரே அப்போதுதான் கேட்டார் போல. பிறகு உம்மா சிரிக்கத் தொடங்கினாள். பிறகு நான். பிறகு ட்ரைவர், காரணம் தெரியாமலே. அப்பாவும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த கிழமை வீட்டுக்குச் சீமெந்து நிலம் போட்டார். நான் வெளிவாரியாகப் பட்டப்படிப்புக்குப் பதிந்ததும் அந்த மாதம்தான். உன்னை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன் என்று எழுத ஆசை. உண்மையில் நீ மடியில் இருக்கவில்லை. களப்பில் இருந்தாய். உன் வாப்பாவோடு, மீன் குஞ்சு மாதிரி.

இப்போது நீ எங்களுக்கு நீந்தப் பழக்கின கதை. இதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் எனக்குத் திரும்ப எழுத வேண்டும் போலிருக்கிறது.

அசர் தொழுகைக்குப் பிறகு, கண்டல் மரங்களுக்குப் பின்னால், வள்ளங்கள் வராத வளைவு. நாங்கள் நாலைந்து பெண்கள், உடுப்பு முழுக்கத் தண்ணீர் குடித்து ஊதிப்போய். சோழகக் காற்று. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கத்தினோம். பக்கத்து வீட்டு ரஹ்மா மாமி சொன்னாள், "புள்ள, நான் சாய்ஞ்சா களப்புத் தண்ணி கரைக்கு ஏறும். கரையில ஆள் இருந்தா எழும்பச் சொல்லு." நீ சிரிக்காமல் அவளுடைய தலைக்குக் கீழே கையை வைத்தாய். "மாமி, பாரத்த என்ர கையில தாங்க." மாமி முதலில் மிதந்தாள். எங்கள் எல்லாருக்கும் முன்னால். வானத்தைப் பார்த்துக்கொண்டு, "அல்லாஹ், நான் இவ்வளவு லேசா?" என்றாள். ஐம்பது வயதில் ஒரு பெண் தன்னைப் பற்றிப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

எனக்கு வரவில்லை. பல நாள் வரவில்லை. நான் தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தேன், தாழ்கிறதா என்று. பார்த்ததும் தாழ்ந்தது. நீ கோபிக்கவில்லை. "உம்மா, எங்க இருந்து இறங்கினீங்க எண்டு பாக்காதீங்க. கால் அங்கதான் இருக்கும், ஓடாது. மேல பாருங்க." நான் மேலே பார்த்தேன். ஒரு கொக்கு போனது. அது போய் முடிகிற வரைக்கும் என் முதுகுக்குக் கீழே யாருடைய கையும் இல்லை என்று எனக்குத் தெரியாது.

உன்னை விடப் பெரிய ஆசிரியை எனக்கு வாய்க்கவில்லை. இருந்தும் தெற்கே படிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, நான் என்ன சொன்னேன்? "கலியாணம் முடிஞ்ச பிறகு பாப்பம்." சொல்லி வாய் மூடவில்லை, உன் வாப்பா சிரித்துவிட்டார். "மாமாட குரல் அப்பிடியே வருது" என்றார். மாமா என்றது என் வாப்பாவை. அதே வசனம். ஊர் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருந்தேன், அவ்வளவுதான். அன்று பின்னேரமே உன் பையை அலுமாரிக்கு மேலிருந்து நான்தான் இறக்கினேன்.

இனி உன் விசயம். கோபிக்காமல் கேள்.

நேற்று நீ கதைத்ததில் 'களப்பு' என்ற சொல் எத்தனை தரம் வந்தது என்று உனக்குத் தெரியாது. களப்பில் நான் இப்படி நீந்துவேன். களப்பில் என்னைப் பிடிக்க ஆள் இல்லை. களப்பில் மூச்சு இப்படி எடுப்பேன். மகள், எனக்கு அந்தக் குரல் தெரியும். அது என் வாப்பா கல்லைச் சுற்றி நின்ற குரல். இஞ்சதான் குசினி. நீ களப்பை அங்கே கொண்டு போயிருக்கிறாய். ஒவ்வொரு காலையும் கடலுக்குள் இறங்கி, அலையைப் பார்க்காமல், களப்பில் நீ எவ்வளவு நல்லாய் நீந்தினாய் என்பதைத் திரும்பிப் பார்க்கிறாய். அந்த நேரம்தான் அலை வருகிறது. அது திரும்பி நிற்கிற யாரையும் விழுத்தும்.

களப்பில் முதலாவதாக வந்தது பொய் இல்லை. அது நடந்தது, உன் தோளில் இருக்கிறது, எங்கேயும் போகாது. ஆனால் அது நீ எதுவரை வளர்வாய் என்பதன் அளவு இல்லை, எங்கே தொடங்கினாய் என்பதன் அளவு. அலைக்குள் பிறந்தவர்கள் என்று நீ நினைக்கிற அந்தப் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப் பார். முதல் தடவை அவர்களை எப்படி அடித்தது என்று. கேட்கிற சிங்களம் உன்னிடம் இருக்கிறது, எனக்குத் தெரியும். சிலாபத்து மீன்காரனோடு நீ பேரம் பேசிய சிங்களம். அவர்களுடைய விழுந்த கதைகளைச் சேர்த்துக்கொண்டு வா. கடைசியாக வருகிற ஆளுக்கு ஒரு வசதி இருக்கிறது. முன்னால் போகிற எல்லாரையும் பார்க்கலாம், அலை எங்கே உடைகிறது, அவர்கள் எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எந்த இடத்தில் தலையைத் தாழ்த்துகிறார்கள் என்று.

அப்படிப் பார்த்தும் இந்தக் கிழமை தாண்டாமல் போகலாம். அப்படியானால் தாண்டாதவளாக வா. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முயன்று விழுந்தவள் பழக்கிற நீச்சல், விழாதவள் பழக்குவதைவிட நல்லாயிருக்கும் என்று நான் நினைக்கிறேன். பாலர் பாடசாலையில் ஒரு வகுப்புப் பிந்திய டீச்சர் சொல்கிறேன், நம்பு. எழுத்து வராத பிள்ளைக்கு நான்தான் முதலில் பக்கத்தில் இருப்பேன். எனக்கு அந்த இடம் தெரியும்.

ஆனால் இன்றைக்கே, அலையைப் பார்க்காமல் வருவதென்றால்...

கேட்டது வரட்டா என்று. பதில் சொல்கிறேன். வா. எந்த நேரமும் வரலாம், பஸ் இருக்கிறது, வீடு உன்னுடையது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். நான் வாசலில் காத்துக்கொண்டு இருக்கமாட்டேன். எங்கள் குடும்பத்தில் காத்திருந்தது போதும். என் வாப்பா காத்திருந்தார், உம்மா காத்திருந்தாள், என் பல்லில்லாத உம்மா. நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். நீ வருகிற நேரம் அசருக்குப் பிறகு என்றால் வீடு பூட்டியிருக்கும். நாங்கள் தண்ணீரில் இருப்போம்.

ஓம். வகுப்பு நிற்கவில்லை. நீ தெற்கே போன கிழமை யாரும் வரவில்லை. அடுத்த கிழமை ரஹ்மா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "டீச்சர் போனா வகுப்பில்லையா? உன்ர பாலர் பாடசாலையில அப்பிடியா நடக்குது?" என்றாள். மிதக்க மட்டும் தெரிந்தவள் மிதக்கப் பழக்குகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான், அதுவும் முந்தித் தெரிந்ததைவிட அதிகம். புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கலியாணம் முடித்து வந்தவள், வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளை, தண்ணீரைப் பார்த்தாலே கண்ணை மூடுகிறாள். அவளுடைய தலைக்குக் கீழே நான் கை வைக்கிறேன்.

இன்றைக்கு ஒரு விசேசம். கால் எட்டாத இடத்துக்குப் போகப் போகிறோம். எங்களில் யாரும் போனதில்லை. உன் வாப்பா வள்ளத்தோடு காவலுக்கு வருவார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆளுக்கொரு கயிறு இடுப்பில், மறு முனை வள்ளத்தில். இழுத்தால் அவர் திரும்பலாம் என்று ஒப்பந்தம். இதைக் கேட்டு மாமி, "பாக்கவும் கூடாது, காப்பாத்தவும் வேணும். நல்ல காவல்!" என்றாள். உன் வாப்பா, "ரஹ்மா, நீ இழுத்தா வள்ளமும் சேர்ந்து தாழும், நான் எதுக்கும் ஒரு துவாய் கொண்டுவாறன்" என்றார். காலையிலிருந்து இரண்டு பேரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று இதையே கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதோடு வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு. அது பயம் இல்லை. நாற்பது தாண்டிய பிறகு நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதில் இவ்வளவு சந்தோசம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உனக்கும் அங்கே அந்தக் குறுகுறுப்பு இருக்கிறதா? இருந்தால் அதைப் பயம் என்று நினைத்துவிடாதே. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

மாமி வேலிக்கு மேலால் கூப்பிடுகிறாள். "கடுதாசியா எழுதுற, கிதாபா? வெயில் தாழுது, வா!" உனக்குச் சலாம் சொல்லச் சொன்னாள். தாரா என்று சொன்ன பிள்ளையின் பேரையும் கேட்கச் சொன்னாள், எதற்கென்று சொல்லவில்லை.

நாளைக் காலை உனக்கு அலை. இன்று பின்னேரம் எனக்கு ஆழம். முடிந்ததும் போன் எடு. இந்த முறை சாப்பிட்டியா என்று கேட்கமாட்டேன். நம் இரண்டு பேரில் யார் அதிகம் தண்ணி குடித்தது என்று பார்ப்போம்.

உம்மா